கேஸ் இருக்குதாமாங்க!

கொங்கு நாட்டில் ஒரு சம்பந்தத்தை முறிக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். "பையன் மேல ஏதோ கேஸ் இருக்குதாமாங்க." என்ன கேஸ், எந்த ஸ்டேஷன், எந்த வருஷம், கடைசியில் என்ன ஆனது என்று சொன்னவருக்கும் தெரியாது. கேட்டவரும் கேட்கமாட்டார். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்.

கல்யாணத்தோடு இது நிற்பதில்லை. சிங்காநல்லூரில் மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறவர், ஒண்டிப்புதூரில் பட்டறைக்கு ஆள் எடுக்கிறவர், இருகூர்ப் பக்கம் சைட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு விற்பவரைப் பற்றி ஏதோ காதில் விழுந்து தூக்கம் தொலைத்தவர் என்று எல்லோரும் விசாரிப்பது டீக்கடையிலும் சலூனிலும்தான். வழக்கின் காகிதம் கிடப்பதோ காவல் நிலையத்திலும், கலெக்டர் ஆபீஸை ஒட்டிய ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலும்.

அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கலாமா? வாங்கலாம். எல்லாக் காகிதத்தையும் எல்லோரும் வாங்கிவிட முடியாது. ஆனால் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே வாங்கலாம். எது எந்த ஜன்னலில் கிடைக்கும் என்பது வக்கீல் குமாஸ்தாக்களுக்குத் தலைகீழ்ப் பாடம். வழக்கில் மாட்டியவருக்கும், வழக்குக் கொடுத்தவருக்கும்தான் தெரிவதில்லை.

நாலு நம்பர்

முதல் சிக்கல் நம்பரில் இருக்கிறது. திருச்சி ரோட்டில் ஒரு அடிதடி நடந்தது என்று வைத்துக்கொள்வோம். சிங்காநல்லூர் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டவுடன் அதற்கு ஒரு குற்ற எண் விழும். ஒவ்வொரு ஜனவரியிலும் எண் 1-இலிருந்து மறுபடி தொடங்கும் என்பதால் ஸ்டேஷன் பெயரும் வருஷமும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனதும் அங்கே அது 'சி.சி.' என்று புது நம்பர் வாங்குகிறது. சின்ன வழக்கென்றால் 'எஸ்.டி.சி.' அடிபட்டவர் இறந்து கொலை வழக்காகிவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் 'பி.ஆர்.சி.' என்று கொஞ்ச காலம் இருந்து, செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒப்படைக்கப்பட்டதும் 'எஸ்.சி.' என்று மாறும். அப்பீல் போனால் இன்னொன்று. நடுவில் யாராவது வழக்கை ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட் போயிருந்தால் அதற்குத் தனியாக ஒரு 'கிரிமினல் ஓ.பி.' நம்பர். ஒரே சண்டைதான், நம்பர் மட்டும் நாலைந்து. கையில் இருப்பது பழைய நம்பர் என்றால், நகல் பிரிவில் "இந்த நம்பர்ல ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை.

இதற்கும் முந்திய ஒரு சீட்டு இருக்கிறது. புகார் கொடுத்ததும் கையில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது. "கேஸ் கொடுத்தாச்சு" என்று பலர் இதைப் பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வழக்கு பதிவானால்தான் குற்ற எண். குற்ற எண் இருந்தால்தான் கோர்ட்டில் தேட முடியும்.

புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவிலும் இது இருந்தது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் இதில் சேர்த்துக்கொண்டது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 193-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்கு எந்த வழக்குக் கட்டிலும் சாட்சி இருக்காது.

குற்றம்சாட்டப்பட்டவர் நிலைமை முன்பு மோசமாக இருந்தது. தன்மேல் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரியாமலே முன்ஜாமீனுக்கு ஓடுவார்கள். 2016 செப்டம்பர் 7 அன்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றியது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்றவேண்டும். இணைப்புக் கோளாறு போன்ற காரணங்களுக்காக அதிகபட்சம் 72 மணி நேரம் வரை போகலாம். குற்றம்சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ நேரடியாகக் கேட்டாலும் நகல் தரவேண்டும். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு.

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் அந்த எஃப்.ஐ.ஆர்.களைப் பார்க்கலாம். மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எண் கேட்கும். இங்கேதான் கோவைக்காரர்கள் சறுக்குகிறார்கள். சிங்காநல்லூர், பீளமேடு, ராமநாதபுரம் எல்லாம் மாநகரக் காவல் ஆணையருக்குக் கீழே வருகின்றன. அதே திருச்சி ரோட்டில் கொஞ்ச தூரம் கிழக்கே போனால் சூலூர். அது மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. பட்டியலில் 'கோவை மாநகரம்' என்றும் 'கோவை' என்றும் இரண்டு இருக்கும். தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "வழக்கே இல்லை" என்று நிம்மதியாக உறங்கியவர்களும் உண்டு. விபத்து வழக்கென்றால் இன்னும் ஒரு வசதி. இன்ஷூரன்ஸ் நஷ்ட ஈட்டுக்குத் தேவையான ஆவணங்களைக் கட்டணம் கட்டி அதே பக்கத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதற்காக ஸ்டேஷன் ரைட்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

பழனிசாமி எத்தனை பழனிசாமி

குற்ற எண் தெரிந்துவிட்டால் இகோர்ட்ஸ் தளத்துக்குப் போகலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுத்த பிறகு, எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடுவதற்கு ஒரு பகுதி உண்டு. அது கோர்ட் நம்பரைக் காட்டும். கூடவே 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் ஒன்றும் வரும். தமிழ்நாட்டு வழக்கென்றால் 'டி.என்.' என்று தொடங்கும் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு மாவட்டம், கோர்ட் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அடுத்த வாய்தா தேதி, எந்த கோர்ட், என்ன கட்டம், முடிந்திருந்தால் எப்படி முடிந்தது என எல்லாம் அதில் வந்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். எண் தெரியாமல் பெயரை வைத்துத் தேடுவது வேறு கதை. பெயர்கள் அங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பழனிசாமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? 'சாமி'யா 'சுவாமி'யா 'ச்சாமி'யா, நடுவில் இடம் விட்டா விடாமலா, இனிஷியல் முன்னாலா பின்னாலா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கவேண்டும். செந்தில்குமார், கார்த்திகேயன் என்றால் பக்கம் பக்கமாக வரும். வருஷத்தையும், நிலுவையா முடிந்ததா என்பதையும் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டும். கிடைத்த பழனிசாமி நாம் தேடிய பழனிசாமிதானா என்பதை அப்பா பெயரும் முகவரியும் பார்க்காமல் சொல்லவே கூடாது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே பெயர் இருக்கிற பகுதியில், பெயர்த் தேடலை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவது டீக்கடை விசாரணையைவிட மோசம். டீக்கடையிலாவது "எந்தப் பழனிசாமி? நாயக்கர் தோட்டத்துக்காரரா?" என்று கேட்பார்கள்.

நகல் மனு

திரையில் தெரிவது தகவல்தான். சான்றிட்ட நகல் ஆகாது. மேலதிகாரியிடமோ, பாஸ்போர்ட் ஆபீஸிலோ, அப்பீல் கோர்ட்டிலோ நீட்டவேண்டுமென்றால் முத்திரை குத்திய நகல் வேண்டும். அதற்குச் சம்பந்தப்பட்ட நீதிமன்றத்தில் நகல் மனு போடவேண்டும். வழக்கு எண், எந்த ஆவணம் (தீர்ப்பா, ஒரு சாட்சியின் வாக்குமூலமா, அன்றாட உத்தரவா), அதன் தேதி, மனுதாரர் வழக்கில் யார் என்று எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தால் மனுவுக்கு ஒரு நம்பர் தருவார்கள் (இன்னொரு நம்பர்!). பிறகு எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று அறிவிப்பார்கள். அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டு, பணம் கட்டாமல் தள்ளுபடியான மனுக்கள் நிறைய.

நகல் கைக்கு வந்ததும் அதில் குத்தியிருக்கும் தேதிகளைப் பாருங்கள். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். இது அலங்காரம் இல்லை. மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான். நகல் பெறுவதற்கு ஆன காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்குக்கு ஆதாரம் இந்தத் தேதிகள்தான்.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகவே உடனே கொடுக்கவேண்டும். குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலம் முதலானவற்றைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு 14 நாளுக்குள் தரவேண்டும் என்று புதிய சட்டத்தின் 230-ஆம் பிரிவு கெடு வைத்திருக்கிறது. வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும். தீர்ப்பால் பாதிக்கப்பட்ட எவரும் கட்டணம் கட்டி வழக்குக் கட்டின் எந்தப் பகுதியையும் கேட்கலாம் என்பது 404-ஆம் பிரிவு. வழக்கோடு சம்பந்தமே இல்லாத மூன்றாவது மனிதருக்கும் அதே பிரிவு கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறது. ஹைகோர்ட் விதிகளின்படி, எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லி அவர் மனு போடலாம். கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்வார். "பெண் கொடுக்கப் போகிறோம்" என்பது காரணமாகுமா? அது அந்த மேசையைப் பொறுத்தது.

இங்கே இரண்டு முட்டுச்சந்துகளைச் சொல்லிவிடுகிறேன். பலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள். வழக்குக் கட்டின் நகல் அந்த வழியில் கிடைக்காது. நீதிமன்றத்தின் சொந்த விதிகள்படிதான் கேட்கவேண்டும் என்று 2020 மார்ச் 4 அன்று குஜராத் ஹைகோர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கிய ஆர். பானுமதி தலைமையிலான அமர்வு அது. இரண்டாவது, குற்றப்பத்திரிகை. எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வருவதுபோல் இதுவும் வரவேண்டும் என்று போடப்பட்ட மனுவை 2023 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல என்றது.

விளைவு என்ன? ஒருவர் மேல் குற்றம் சுமத்திய முதல் காகிதத்தை யாரும் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். போலீஸ் விசாரித்து என்ன கண்டுபிடித்தது என்பது தெரியாது. புகார் தவறானது என்று வழக்கை மூடி, ஆர்.சி.எஸ். நோட்டீஸ் கொடுத்திருந்தால் அது புகார்தாரர் கைக்குப் போகும், ஊருக்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

விடுதலையிலும் வகை

போலீஸ் வேலைக்கு மனுப் போட்ட ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும்போது ஒரு தகராறில் பெயர் சேர்த்துவிட்டார்கள். வழக்கு விடுதலையில் முடிந்தது. வீட்டில் பொங்கல் வைத்தார்கள். ஆனால் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் 'சந்தேகத்தின் பலனை அளித்து' என்று இருந்தால், தமிழ்நாடு காவல் பணித் தேர்வு விதிகளில் அது சுத்தமான விடுதலையாகக் கணக்கில் வராது. சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வு 2008-இல் இதை உறுதி செய்திருக்கிறது. அதனால்தான் விடுதலையானதும் கோயிலுக்குப் போகும் முன் தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள் என்று விவரம் தெரிந்த வக்கீல்கள் சொல்வது. என்ன வாசகத்தில் விடுதலை என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மேலே போகவேண்டும்.

இதற்கு நேர் எதிர், எஸ்.டி.சி. வழக்குகள். சீட்டாட்டம், பொது இடத்தில் குடித்துவிட்டுச் சத்தம் போட்டது மாதிரி விஷயங்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துட்டேனுங்க, அத்தோட முடிஞ்சுது" என்பார்கள். முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்பு. பத்து வருஷம் கழித்து வெளிநாட்டு விசாவுக்கு நன்னடத்தைச் சான்று கேட்கும்போது அந்த ஐந்நூறு ரூபாய் எழுந்து நிற்கும்.

சின்னியம்பாளையத்துக் கட்டு

பழைய வழக்குகளைத் தேடுவது தனிப் பாடு. சிங்காநல்லூருக்கு வடகிழக்கே, அவிநாசி ரோட்டில் சின்னியம்பாளையம் இருக்கிறது. அங்கே வருஷா வருஷம் ஜனவரி 8 அன்று சிவப்புக் கொடிகளோடு அஞ்சலி நடக்கும். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சங்கத்தை உடைக்க ஜோடித்த வழக்கு என்பது தொழிலாளர் இயக்கத்தின் உறுதியான நம்பிக்கை. அன்றைய சாட்சிகள் என்ன சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் என்ன வந்தது என்பதை இன்று ஒரு மாணவர் படித்துப் பார்க்க விரும்பினால்?

கோவை கோர்ட்டின் ஆவண அறையில் போய் நிற்பது முதல் படியாக இருக்கக்கூடாது. வழக்குக் கட்டுகளை எல்லாக் காலமும் வைத்திருப்பதில்லை. 1917-ஆம் வருஷத்து ஆவண அழிப்புச் சட்டம் ஹைகோர்ட்டுகளுக்கு அதிகாரம் கொடுத்து, எந்த வகைக் கட்டை எத்தனை வருஷம் வைக்கலாம் என்று விதி வகுக்கச் செய்தது. கெடு முடிந்த சாட்சியக் கட்டுகள் அழிக்கப்படும். ஆனால் மரண தண்டனை வழக்குக்கு ஒரு விசேஷம் உண்டு. செஷன்ஸ் நீதிபதி விதித்த தூக்கை ஹைகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்றமுடியாது. ஆகவே கட்டு ஒருமுறை சென்னைக்குப் போயே தீரும். கருணை மனு அரசாங்கத்துக்குப் போகும். அங்கே ஒரு கோப்பு, அதற்கு ஓர் அரசாணை. எனவே தேடலை ஹைகோர்ட்டின் பழைய தீர்ப்புகளிலும், 1876 முதல் வெளிவரும் இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசையிலும், 1909-இல் தொடங்கிய எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் அரசாணைத் தொகுதிகளிலும் தொடங்கலாம். சிறைத் துறைப் பதிவேடுகள் அதற்குப் பிறகு. மில் ஏரியாவின் எத்தனையோ வேலைநிறுத்த வழக்குகளுக்கு இந்த வாய்ப்பே இல்லை. ஆறு மாதச் சிறை, ஐம்பது ரூபாய் அபராதம் என்று மாஜிஸ்திரேட்டோடு முடிந்த வழக்குகள் சென்னைக்குப் போனதுமில்லை, சட்ட அறிக்கையில் ஏறியதுமில்லை. கோவையின் தொழிலாளர் வரலாற்றில் பாதி அந்தக் கட்டுகளோடு போயிருக்கும்.

பூட்டியே இருக்கவேண்டியவை

எல்லாவற்றையும் திறந்து போடு என்று கேட்பது சுலபம். பொள்ளாச்சியை மறந்துவிட்டால்தான் அப்படிக் கேட்கலாம். 2019-இல் அந்தப் பாலியல் வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல்துறையின் உயரதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். பிறகு வந்த அரசாணையிலும் பெயர் அச்சானது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மற்றவர்கள் புகார் கொடுக்க எத்தனை பயந்திருப்பார்கள்! மூடிய அறையில் விசாரணை நடத்தி, அடையாளங்களைக் காத்து, 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தக் கட்டு பூட்டியிருந்ததால்தான் சாட்சிகள் கூண்டேறினார்கள் என்பது என் எண்ணம். சிறார் வழக்குகளும் அப்படியே. 18 வயதுக்குள் செய்த தவறின் பதிவு, பெரும்பாலான வழக்குகளில், கெடு முடிந்ததும் அழிக்கப்படவேண்டும் என்பதே சட்டம்.

இன்னொரு கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு வழக்கில் ஹைகோர்ட்டில் முழு விடுதலை பெற்றவர், தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கவேண்டும் என்று கேட்டார். கூகுளில் தேடினால் முதலில் வருவது அந்தத் தீர்ப்புதானாம். 2021-இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு ஒப்புக்கொண்டது. அதே வருஷம் ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர் பெயரை இங்கே எழுதாமல் விடுவது நியாயம் என்று படுகிறது.

அமெரிக்காவில் ஃபெடரல் நீதிமன்றக் காகிதங்களை 'பேசர்' தளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கட்டி யாரும் எடுக்கலாம். கோர்ட் பதிவுகளைத் திரட்டி 'பின்னணி விசாரணை' என்று விற்கும் கம்பெனிகள் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு முந்தைய கைது ஒன்று ஒருவருக்கு வாடகை வீட்டைக்கூட இல்லாமல் ஆக்கிவிடும். அந்த எல்லைக்கு நாம் போகவேண்டாம். இங்கே கோளாறு வேறு. குற்றம் சுமத்திய காகிதம் எளிதாகக் கிடைக்கிறது. குற்றம் இல்லை என்று சொன்ன காகிதத்துக்கு அலையவேண்டியிருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒன்று விடாமல் இகோர்ட்ஸில் ஏறவேண்டும். எஃப்.ஐ.ஆர். இருக்கும் பக்கத்திலேயே அந்த வழக்கு எப்படி முடிந்தது என்ற ஒரு வரியும் வரவேண்டும். இரண்டு கணினிகளும் அரசாங்கத்துடையவை. குற்ற எண் இரண்டிலும் இருக்கிறது. செய்யமுடியாத காரியம் அல்ல.

அதுவரை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்கு பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். போனில் கேட்க 15100. போகும்போது குற்ற எண்ணையும் வருஷத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.